டாக்டருக்கு அனுப்பத் தோலைப் படம் எடுப்பது எப்படி: ஒரு ஸ்டுடியோக்காரர் சொல்லும் முறை

வடசென்னையில், பழைய வண்ணாரப்பேட்டையில் 27 வருஷமாக ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். பாஸ்போர்ட் படம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாண ஆல்பம், இறந்தவர்களின் பழைய படத்தைப் பெரிதாக்கி மாலை போட ஃபிரேம் என்று எல்லாம் செய்திருக்கிறேன். இந்தத் தொழிலில் கை பழகியது டச்சிங்கில்தான். பரு, தழும்பு, தேமல், கருவளையம் எதுவும் படத்தில் தெரியக் கூடாது. மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிற படம் என்றால் மச்சத்தைக்கூட எடுத்துவிடச் சொல்வார்கள். சில வருஷங்களாக அதே கை நேர்மாறான வேலையைச் செய்கிறது. தோலில் இருப்பதை இருக்கிறபடியே, நிறம் மாறாமல், அளவு மாறாமல் காட்டும் வேலை. தெருவில் யாருக்காவது தோலில் ஏதாவது வந்து, டாக்டர் “படம் அனுப்புங்கள்” என்று சொல்லிவிட்டால் என் கடைக்கு வருகிறார்கள். காசு வாங்குவதில்லை.

இது என் பெரியம்மாவால் ஆரம்பித்தது. திருவொற்றியூரில் இருந்தார். 2020 கடைசியில் இடுப்பின் ஒரு பக்கம் எரிச்சல், மறுநாள் கொத்துக் கொத்தாகக் கொப்புளம். பக்கத்துத் தெருவில் அக்கி எழுதிவிட்டார்கள். செங்காவியைக் குழைத்து இடுப்பு முழுக்கத் தீட்டியாயிற்று. அதன் மேல்தான் அண்ணன் செல்போனில் படம் எடுத்து டாக்டருக்கு அனுப்பினார். “காவிதான் தெரியுது, தோல் எங்கே?” என்று பதில் வந்தது. காவியைக் கழுவப் பெரியம்மா சம்மதிக்க ஒரு நாள் ஆனது. அடுத்து ராத்திரி ட்யூப்லைட்டில் ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் வெள்ளை வெளிச்சத்தைத் தவிர ஒன்றும் இல்லை. அதில் இன்னொரு நாள் போயிற்று. அப்புறம்தான் எனக்குச் சொன்னார்கள். போய் ஜன்னல் ஓரம் உட்காரவைத்து எடுத்து அனுப்பினேன். அக்கிதான் என்று உடனே சொல்லிவிட்டார் டாக்டர். ஆனால் அக்கிக்கான மாத்திரை, கொப்புளம் கிளம்பிய 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நன்றாக வேலை செய்யும் என்றும் சொன்னார். அன்று ஐந்தாவது நாள். கொப்புளம் ஆறிய பிறகும் அந்த இடத்தில் பெரியம்மாவுக்குப் பல மாதம் வலி இருந்தது. புடவை உரசினாலே துடிப்பார். நல்ல படம் இரண்டாம் நாளே போயிருந்தால் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வீடியோ காலில் காட்டினால் போதாதா என்று கேட்பார்கள். பேச்சுக்கு வீடியோ நல்லது. தோலுக்குப் பெரும்பாலும் போதாது. நெட் கொஞ்சம் தள்ளாடினாலும் படம் கலங்கிவிடும், கை ஆடும். தெளிவான நாலு படத்தை முன்னாடியே அனுப்பிவிட்டு அப்புறம் பேசுங்கள்.

வெளிச்சம்

எல்லாவற்றையும் விட இதுதான் முக்கியம். எங்கள் பக்கத்து வீடுகள் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். சந்துக்குள் சந்து, ஒரே அறை, பகலிலும் ட்யூப்லைட். சுவர் கிளிப்பச்சை அல்லது ரோஸ். வாசலில் நீலத் தார்ப்பாய். எல்லாமே தோலின் நிறத்தை மாற்றிவிடும். ரோஸ் சுவருக்குப் பக்கத்தில் நின்றால் நல்ல தோலும் சிவந்து தெரியும். நீலத் தார்ப்பாய்க்குக் கீழே எடுத்தால் சிவப்பு அடங்கிச் சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிடும். குண்டு பல்பு மஞ்சள் காமாலை வந்த மாதிரி காட்டும்.

நம் நிறத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. வெள்ளைத் தோலில் அழற்சி என்றால் பளிச்சென்று சிவப்பாக இருக்கும். மாநிறத்திலும் கறுப்பிலும் அது கருஞ்சிவப்பாக, ஊதாவாக, சில சமயம் சுற்றியிருக்கும் தோலை விடக் கொஞ்சம் கறுத்த மாதிரி மட்டும் தெரியும். அந்தச் சின்ன வித்தியாசத்தைத்தான் டாக்டர் தேடுகிறார். கெட்ட வெளிச்சம் முதலில் அழிப்பதும் அதைத்தான்.

அதனால் பகல் வெளிச்சம் வேண்டும், நேர் வெயில் வேண்டாம். மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழல், படிக்கட்டின் முகப்பு, வீட்டு வாசற்படி, திறந்த ஜன்னல் ஓரம் எல்லாம் சரி. காலை 8 முதல் 10 மணி நல்ல நேரம். தவறினால் மாலை 4 மணிக்கு மேல். மூடி மறைக்க வேண்டிய இடம் என்றால் கதவைப் பாதி சாத்தி, திறந்த பக்கம் உடம்பைக் காட்டி உட்காரவைக்கலாம். ஃபிளாஷ் வேண்டாம். அது தோலைப் பளபளப்பாக்கி, மேடு பள்ளத்தை எல்லாம் தட்டையாக்கிவிடும்.

பின்னால் விரிக்கும் துணியிலும் கவனம் வேண்டும். வெள்ளை வேட்டியை விரித்தால் கேமரா ஏமாந்து தோலை இன்னும் கறுப்பாக்கும். கறுப்புத் துணி விரித்தால் வெளுத்துக் காட்டும். பூப்போட்ட பெட்ஷீட், கட்டம் போட்ட லுங்கி இரண்டும் கண்ணை இழுக்கும். நடுத்தர நீலத்திலோ பச்சையிலோ வெறும் துணி போதும். முதல் படத்தில் மட்டும் ஓரமாக ஒரு வெள்ளைத் தாள் தெரியட்டும். நிறம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை டாக்டர் அதை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார்.

தடிப்பு, மரு, கட்டி மாதிரி மேலெழும்பி இருப்பதற்குக் கூடுதலாக ஒரு படம் எடுங்கள். வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து சாய்வாக விழும்படி ஆளைக் கொஞ்சம் திருப்பிக்கொள்ளுங்கள். நிழல் விழுந்தால்தான் மேடு தெரியும். கல்வெட்டைப் படிக்க விளக்கைப் பக்கவாட்டில் பிடிக்கிற அதே கணக்குதான்.

எத்தனை படம், எவ்வளவு தூரம்

முக்கால்வாசிப் பேர் அனுப்புவது ஒரே ஒரு படம், அதுவும் புண்ணுக்கு மேலேயே போனை வைத்து எடுத்தது. அது முழங்காலா முழங்கையா என்று எனக்கே தெரியாது.

முதல் படம் தூரத்திலிருந்து. முழுக் கால், முழு முதுகு, முழு முகம். எங்கே இருக்கிறது, எத்தனை இடத்தில் இருக்கிறது, இரண்டு பக்கமும் இருக்கிறதா என்று இதில் தெரிய வேண்டும். அடுத்தது ஓர் அடி, அதாவது சுமார் 30 செ.மீ. தூரத்தில். மூன்றாவது கிட்டத்தில், பக்கத்தில் ஸ்கேல் வைத்து. அளவுக்கு நாணயம் வைப்பார்கள். ஆனால் ஒரு ரூபாய் நாணயமே ஒரே அளவில் இல்லை. பழையது 25 மி.மீ., 2011-ல் வந்தது சுமார் 22 மி.மீ., 2019-ல் வந்தது 20 மி.மீ. பிள்ளைகளின் ஜியோமெட்ரி பாக்ஸில் இருக்கும் ஸ்கேல் அதைவிட உத்தமம். புண் மேல் படாமல், தோலின் மட்டத்திலேயே வையுங்கள். போனைச் சாய்க்காமல் தோலுக்கு நேராகப் பிடியுங்கள்.

ஒரு கையில் மட்டும் இருந்தால் மற்றக் கையையும் ஒரு படம் எடுத்து வையுங்கள். அந்த ஆளின் இயல்பான தோல் எப்படி இருக்கும் என்று டாக்டருக்குத் தெரிய வேறு வழி இல்லை.

போன் விலை பெரிதில்லை. லென்ஸைத் துடைப்பதுதான் பெரிது. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து வருகிற அக்காக்களின் போனை வாங்கியதும் முதலில் ஈரத்துணியால் லென்ஸைத் துடைப்பேன், பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். பியூட்டி மோடு, போர்ட்ரெய்ட் மோடு, ஃபில்டர் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். பியூட்டி மோடு நான் ஸ்டுடியோவில் செய்த டச்சிங்கைத் தானே செய்துவிடும், நோயையே துடைத்துவிடும். செல்ஃபி கேமராவில் எடுக்காதீர்கள். பல போன்களில் அது இடது வலது மாற்றிப் பதியும். இன்னொருவரை எடுக்கச் சொல்லுங்கள்.

மிகக் கிட்டே போனால் ஃபோகஸ் கிடைக்காது. ஒரு சாண் தூரத்தில் நின்று, திரையில் அந்த இடத்தைத் தொட்டு, மூச்சைப் பிடித்து அமுக்குங்கள். எடுத்ததும் பெரிதாக்கிப் பாருங்கள். தோலின் மெல்லிய முடி ஒவ்வொன்றாகத் தெரிந்தால் நல்ல படம். இல்லையென்றால் மறுபடி எடுங்கள். மூன்று தடவை எடுத்தால் ஒன்று தேறும்.

தலையில் என்றால் சீப்பால் வகிடு எடுத்து, கிளிப் போட்டு, தோல் தெரிய எடுக்கணும். நகத்தில் என்றால் பாலிஷை அழித்துவிட்டுப் பத்து நகமும் தெரிய ஒரு படம், பிறகு அந்த நகம் மட்டும். வாய்க்குள் எடுக்க ஸ்பூனால் கன்னத்தை ஒதுக்கி, பக்கத்திலிருந்து இன்னொருவர் டார்ச் அடிக்கணும்.

பூசியதைக் கழுவுங்கள்

காவி, மஞ்சள், வேப்பிலை அரைப்பு, சுண்ணாம்பு, திருநீறு, ஊதா நிற மருந்து எதுவாக இருந்தாலும் தண்ணீர் விட்டு மெதுவாகக் கழுவி ஒற்றி எடுங்கள். தேய்க்காதீர்கள். செதில் உதிர்ந்துவிட்டால் டாக்டருக்கு ஒரு தடயம் போய்விடும். தேய்த்தாலும் சொறிந்தாலும் தோல் சிவக்கும், அதனால் கால் மணி நேரம் பொறுத்து எடுங்கள். நம் ஊர் வியர்வையையும் ஒற்றிவிடுங்கள். வியர்வைப் பளபளப்பு நீர் கோத்த கொப்புளம் மாதிரியே தெரியும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியபோது, காலில் அரிப்பு என்று சிலர் வந்தார்கள். எண்ணெய்க் கறையோடு எடுத்ததில் கறை எது, தோல் எது என்று பிரியவில்லை. சோப்புப் போட்டுக் கழுவிய பிறகு எடுத்ததில்தான் கணுக்காலைச் சுற்றிப் பொடிப்பொடியாகக் கிளம்பியிருந்தது தெரிந்தது. ஆனால் கழுவுவதற்கு முன் எடுத்த படத்தையும் சேர்த்தே அனுப்பினேன். தோலில் என்ன பட்டது என்பதும் டாக்டருக்கு வேண்டும் இல்லையா.

இந்த விதிகள் எல்லாவற்றுக்கும் ஒரு விலக்கு உண்டு. திடீரென்று தடித்துத் தடித்து எழும்பி அரிக்கிற தடிப்பு வந்தால் வெளிச்சத்துக்காகக் காத்திருக்காதீர்கள். ஒவ்வொரு தடிப்பும் 24 மணி நேரத்துக்குள் தடம் தெரியாமல் மறைந்துவிடும். டாக்டரிடம் போகும்போது காட்ட ஒன்றும் இருக்காது. நடுராத்திரி ட்யூப்லைட்டில் என்றாலும் உடனே எடுங்கள். ஒரு தடிப்பைச் சுற்றிப் பால்பாயின்ட் பேனாவால் கோடு போட்டு, மணியைக் குறித்துக்கொண்டு, சில மணி நேரம் கழித்து மறுபடி எடுத்தால் இன்னும் நல்லது.

படத்தோடு போக வேண்டிய எழுத்து

படம் தொட்டுப் பார்க்காது. அரிக்கிறதா, வலிக்கிறதா, மரத்திருக்கிறதா, சூடாக இருக்கிறதா என்பது அதில் வராது. அதை நீங்கள்தான் எழுத வேண்டும். சமீபத்தில் ஓர் அக்காவுக்காக நான் அனுப்பியது இது:

“பெண், வயது 42. மீன் அறுக்கும் வேலை, கை நாள் முழுக்க ஐஸ் தண்ணீரில். வலது கை விரல் இடுக்கில் 3 வாரமாக அரிப்பு, ராத்திரியில் அதிகம். வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கும் அரிப்பு. மருந்துக் கடையில் வாங்கிய களிம்பு 10 நாள் போட்டார், டியூபின் படம் இணைத்திருக்கிறேன். சர்க்கரை இல்லை, பிரஷர் மாத்திரை உண்டு. மருந்து அலர்ஜி எதுவும் இல்லை. கர்ப்பம் இல்லை.”

ராத்திரியில் அதிகம், வீட்டில் பிள்ளைகளுக்கும் அரிப்பு என்ற வரிகளைப் படித்ததுமே டாக்டர் சொறிப்பூச்சி பற்றி விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். ஐஸ் தண்ணீர்ப் புண் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். கடைசியில் வீட்டில் எல்லோருக்கும் ஒரே நாளில் மருந்து போடச் சொன்னார்.

டியூபின் படத்தை மட்டும் தயவுசெய்து மறக்காதீர்கள். படர்தாமரைக்குக் கடையில் கேட்டு வாங்கும் களிம்பில் பல சமயம் ஸ்டீராய்டு கலந்திருக்கும். இரண்டு நாளில் அரிப்பு அடங்கும், சந்தோஷமாக இருக்கும். உள்ளே பூஞ்சை பரவிக்கொண்டே இருக்கும். வட்டமான ஓரம் கலைந்து வேறு நோய் மாதிரி ஆகிவிடுவதால் படத்தைப் பார்த்து டாக்டரே குழம்பலாம். 2018-லேயே மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று ஆக்கிவிட்டது. இருந்தும் கிடைக்கிறது, நம்மவர்கள் வாங்குகிறார்கள். டாக்டர் திட்டுவார் என்று பயந்து மறைக்கவும் செய்கிறார்கள். மறைக்காதீர்கள்.

அனுப்புவது

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்தை அமுக்கிச் சின்னதாக்கிவிடும். ‘டாக்குமென்ட்’ என்று தேர்ந்தெடுத்து அனுப்பினால் எடுத்தபடியே போகும். ஆனால் அப்படி அனுப்பும்போது எடுத்த இடத்தின் விவரமும் உள்ளே சேர்ந்து போகலாம். கேமரா செட்டிங்கில் லொகேஷனை முன்பே அணைத்துவிடுங்கள்.

தனியாரிடம் காட்ட வசதி இல்லை என்றால் மத்திய அரசின் தொலைமருத்துவச் சேவையான இ-சஞ்சீவனி இருக்கிறது. இலவசம். 2020 ஏப்ரலிலிருந்து வீட்டில் இருந்தபடியே பார்க்கலாம். மொபைல் எண்ணைக் கொடுத்து, வருகிற ஓ.டி.பி.யைப் போட்டுப் பதிய வேண்டும், படத்தையும் ஏற்றலாம். செயலி புரியாதவர்கள் பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

டாக்டரின் பெயரும் பதிவு எண்ணும் உங்களுக்குத் தெரிய வேண்டும். 2020 மார்ச் 25-ல் வந்த தொலைமருத்துவ விதிமுறை அப்படித்தான் சொல்கிறது. நீங்களும் உங்கள் பெயர், வயதைச் சொல்லியாக வேண்டும். படத்தைப் போட்டால் நோயைச் சொல்லும் செயலிகளைப் பிள்ளைகள் காட்டுகிறார்கள். கம்ப்யூட்டரே ஆலோசனை சொல்வதையும் மருந்து எழுதுவதையும் அதே விதிமுறை அனுமதிக்கவில்லை. அதோடு அந்தச் செயலிகளில் பலவும் பெரும்பாலும் வெள்ளைத் தோல் படங்களைப் பார்த்துப் பழகியவை. உங்கள் கையை அதனிடம் நம்பிக் கொடுக்காதீர்கள்.

பெண்களுக்கு என் மனைவிதான் எடுப்பாள், அவர்களுடைய போனிலேயே. முகம், தாலி, பின்னால் மாட்டிய காலண்டர் எதுவும் தேவையில்லாமல் விழக் கூடாது. அனுப்பியதும் கேலரியில் தனி ஃபோல்டரில் போட்டுப் பூட்டச் சொல்வேன். குடும்ப குரூப்பில் போட்டு “இது என்னன்னு யாருக்காவது தெரியுமா” என்று கேட்கிற பழக்கத்தை விடுங்கள். ஒரு பெண்ணின் வெண்புள்ளிப் படம் அப்படிச் சுற்றி, அவள் கல்யாணப் பேச்சு வரை போனதைப் பார்த்திருக்கிறேன்.

படம் எடுக்காமல் கிளம்ப வேண்டியவை

மாத்திரை சாப்பிட்ட பின் உடம்பில் கொப்புளம் வந்து வாயும் கண்ணும் புண்ணானால், முகம் வீங்கி மூச்சு இழுத்தால், காய்ச்சலோடு சிவப்பு வேகமாகப் பரவினால், சர்க்கரைக்காரர் காலில் புண் கறுத்தால், நெற்றியிலோ மூக்கு நுனியிலோ கண் பக்கத்திலோ அக்கி வந்தால் என்னிடம் வராதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள், அல்லது ஆட்டோ பிடித்து ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிக்கோ பக்கத்து ஆஸ்பத்திரிக்கோ போங்கள்.

அவசரம் இல்லாவிட்டாலும் நேரில் மட்டுமே பார்க்க வேண்டிய ஒன்று, வெளுத்த அல்லது லேசாகச் சிவந்த படையில் உணர்ச்சி இல்லாமல் போவது. அது தேமலாக இல்லாமல் தொழுநோயாக இருக்கலாம். உணர்ச்சி இருக்கிறதா என்று தொட்டுத்தான் பார்க்க முடியும், எந்தக் கேமராவாலும் முடியாது. அரசு ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம். வகையைப் பொறுத்து 6 மாதமோ 12 மாதமோ சாப்பிட்டால் குணமாகும். இதற்கு வெட்கப்பட்டுத் தள்ளிப்போட்டவர்களின் விரல்களைப் பார்த்திருக்கிறேன். தள்ளிப்போடாதீர்கள்.

தொடர்ந்து எடுக்கும் படம்

எண்ணூர் பக்கம் கன்டெய்னர் லாரி ஓட்டும் தம்பி ஒருநாள் வந்து, “ணா, கால் கட்டவெரல் நகத்துக்கு அடில கறுப்பா கீதுணா, எங்கியும் இட்ச்சிக்கினா மாதிரி நாபகம் இல்ல” என்றான். பெரும்பாலும் அது ரத்தக்கட்டுதான். ஆனால் நம் நிறத்துக்காரர்களுக்கு மெலனோமா என்ற தோல் புற்றுநோய் அபூர்வமாக வரும்போது, அதிகமாக வருவது உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியில்தான். படத்தை அனுப்பியதும் டாக்டர் நேரில் வரச் சொன்னார். பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் டெர்மாஸ்கோப்பை வைத்துப் பார்த்துவிட்டு, ரத்தக்கட்டு மாதிரிதான் இருக்கிறது, மாதம் ஒரு படம் அனுப்புங்கள், கறுப்பு நகத்தோடு சேர்ந்து நகர்ந்தால் ரத்தம், நகராமல் அகலமானால் உடனே வாருங்கள் என்றார்.

இந்த வேலைக்கு ஒரே மாதிரி எடுப்பதுதான் உயிர். மாதாமாதம் 5-ஆம் தேதி, காலை 9 மணி, என் கடை வாசற்படி, அதே நீலத் துணி, அதே ஸ்கேல், போனை வைக்க அதே ஸ்டூல். கை விரல் நகம் மாதம் சுமார் 3 மி.மீ. வளரும், கால் நகம் அதில் பாதிதான். முதல் மாதம் ஒன்றும் மாறவில்லை, அவன் முகம் வாடிப்போயிற்று. இரண்டாம் மாதம் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். கறுப்புக்குப் பின்னால், நகம் முளைக்கும் பக்கம், கீற்று மாதிரி வெள்ளை நகம் வந்திருந்தது. ஸ்கேலில் 2 மி.மீ.கூட இல்லை. “வந்துட்ச்சிணா!” என்று கத்தினான். ஒன்பதாம் மாதம் கறுப்பு நுனிக்கு வந்து சேர்ந்தது. வெட்டி எறிந்தான். கடைசிப் படத்தை டாக்டருக்கு அனுப்பினேன். இனி அனுப்ப வேண்டாம் என்று பதில் வந்தது.